கோபத்துக்கு ஒரு கல்

மோதிரம் விரலில் இருந்தது; கல்தான் இல்லை. சீட்டுக்கடியில், மிதியடிக்குக் கீழே, டிக்கிக்குள் என்று காரையே கவிழ்க்காத குறையாகத் தேடியும் கிடைக்கவில்லை. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் மறுபடியும் சீட்டுக்கடியிலிருந்து ஆரம்பித்தார்.

அவருடைய பட்டப்பெயர் 'ஹாரன்'. வாயைத் திறந்தால் பக்கத்துத் தெரு வண்டிகூட ஓரங்கட்டும். வீட்டிலும் அதே சத்தம்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மனைவி, கோபத்தை அடக்கும் என்று சொல்லி, ஊதா நிறச் செவ்வந்திக்கல் பதித்த மோதிரம் ஒன்றை மாட்டிவிட்டாள்.

"இந்தக் கல்லு உங்க விரல்ல இருக்கிற வரைக்கும்தான் நான் இந்த வீட்ல. இல்லேன்னா அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன்."

மாஸ்டர் கழற்றவில்லை. ஆனால், கோபத்தைக் கவனிக்கத்தான் கல் இருக்கிறதே என்று இரண்டு மடங்கு கத்தினார். போன வாரம் அவளே மோதிரத்தைக் கடைக்குக் கொண்டுபோய் மெருகு போட்டு வந்தாள். இப்போது இப்படி. அவள் இல்லாத வீட்டை நினைத்ததும் அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

ஒரு திராட்சை மிட்டாயைக் கடித்துக் கடித்து அளவாக்கி, கல் இருந்த இடத்தில் ஒட்டினார்.

"கல்லு என்னங்க, இவ்வளவு பளபளன்னு இருக்கு?"

"வேலை செய்யுது போல."

விடிந்தபோது தலையணையில் எறும்பு வரிசை. எல்லாம் அவர் விரலை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தன. அவசரமாக மிட்டாயைக் கழுவிவிட்டு, மோதிரத்தோடு சேர்த்து விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டார்.

"கார் கதவுல நசுங்கிடுச்சு."

உடனே மனைவி அண்ணனுக்குப் போன் போட்டாள். அவருக்கு ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற வேலை. கத்தரிக்கோலோடு வந்து நின்றார்.

"கைய நீட்டுங்க மாப்ள, பிரிச்சுப் பாத்துடலாம்."

"வேண்டாம் மச்சான்! அது... உங்களுக்குக் கார் ஓட்டக் கத்துக்கணும்னு ரொம்ப நாள் ஆசையாச்சே? வாங்க, இப்பவே கத்துக்குடுக்கறேன்!"

வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். மச்சான் முன்னால் போவதாக நினைத்துப் பின்னால் போனார். வாசல் கேட் படுத்துவிட்டது. காரின் பின்விளக்கு இரண்டும் தூள்.

மாஸ்டரின் தொண்டை வரை வந்துவிட்டது அந்தப் பிரசித்திபெற்ற ஹாரன். நிமிர்ந்தார். ஜன்னலில் மனைவி. விழுங்கினார்.

"பரவால்ல மச்சான். கேட்டுக்கும் வயசாயிடுச்சு."

அவள் காபியோடு வந்தாள். கல்யாணமான புதிதில் சிரித்த மாதிரி சிரித்தாள். "பாத்தீங்களா, எப்படி அமைதியாயிட்டீங்க!"

அவர் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தார். இப்படிச் சிரிப்பவளை ஏமாற்றுகிறோமே என்று மனசு குத்தியது. மத்தியானமே ரத்தினக்கல் கடைக்கு ஓடினார்.

"இதே மாதிரி ஒரு கல்லு வேணும். இந்தத் தடவை விழவே கூடாது, கெட்டியாப் பதிச்சிடுங்க. என் வீட்டம்மாவுக்குத் தெரியவும் கூடாது."

கடைக்காரர் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கெட்டியாவா? சரியாப் போச்சு! விரல்ல இருந்தா இந்தக் கல்லு வேலை செய்ய மாட்டேங்குது, ரெண்டு நாள்ல தானா விழற மாதிரி லேசா ஒட்டுங்கன்னு போன வாரம் உங்க வீட்டம்மா நின்னு ஒட்டி வாங்கிட்டுப் போனாங்களே சார்!"