பெண் கேட்கப் போன இடத்தில் மனோதத்துவம்

தன் குணத்துக்கு ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்ட மனிதனைப் போல ஆபத்தானவன் கிடையாது. அதை யாரிடமாவது சொல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. நான் என் காரணத்தை ஒன்றரை வருடம் வாய்க்குள்ளேயே அடக்கி வைத்திருந்தேன். அப்படியே விழுங்கித் தொலைத்திருக்கலாம். அதற்குப் பதிலாக எண்ணூரில், பெண் கேட்கப் போன வீட்டில், பெண்ணின் அம்மாவுக்கு முன்னால் எடுத்து வைத்தேன்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். (பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது என்பார் அண்ணன். அது அவர் கருத்து.) பிறகு காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன். விசைப்படகில் போய் வாந்தி எடுத்தேன். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் கம்பி ஏற்றினேன். பேசின் பிரிட்ஜ் யார்டில் ரயில் பெட்டி கழுவினேன். லாரியில் கிளீனராக விஜயவாடா வரை போய் வந்தேன். ஒரு இடத்தில் கை கிழிந்தது, ஒரு இடத்தில் சம்பளம் வரவேயில்லை. ஆனால் அதற்காகவெல்லாம் நான் வேலையை விடவில்லை. வேளைக்குச் சோறும் மரியாதையும் கிடைத்த இடங்களிலிருந்தும் கிளம்பியிருக்கிறேன். சில நாள் காலையில் எழுந்தால் கால் வேறு பக்கம் போகும். அவ்வளவுதான் விஷயம்.

அண்ணன் ஏழுமலை எனக்கு நேர் எதிர். திருவொற்றியூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஐ.டி.ஐ. முடித்த கையோடு எந்த மெஷின் முன்னால் போய் நின்றாரோ, அதே மெஷின் முன்னால்தான் இன்னும் நிற்கிறார். அதே டீக்கடை, அதே பெஞ்சு, பெஞ்சில் அதே மூலை. அந்த மூலையில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் டீ குடிக்காமலே திரும்பிவிடுவார்.

ஒரே வயிற்றில் பிறந்து, ஒரே சோற்றைத் தின்று, ஒரே விளக்குமாற்றால் அடி வாங்கிய இரண்டு பேர் ஏன் இப்படி ஆனோம் என்று எனக்குள் ஒரு அரிப்பு இருந்துகொண்டே இருந்தது. அந்த நேரத்தில்தான் தண்டையார்பேட்டையில் ஒரு பழைய பேப்பர் கடையில் அந்தப் புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை. பாதிப் புத்தகமும் இல்லை. கடைக்கார பாய் அதைத் தராசில்கூடப் போடாமல், "எட்த்துக்கினு போ நைனா, பஜ்ஜி மடிக்கக்கூட ஆவாது" என்று கையில் கொடுத்தார்.

மனிதனின் குணம் எட்டுப் பருவங்களாக வளர்கிறது என்றது புத்தகம். முதல் பருவம் கைக்குழந்தைப் பருவம். அழுதால் அம்மா வருவாள் என்ற நம்பிக்கை அந்தப் பருவத்தில் ஊன்ற வேண்டும். ஊன்றாவிட்டால் உலகத்தின் மேலேயே சந்தேகம் வரக்கூடும். இன்னொரு அத்தியாயத்தில் வேறொருவர், தாயோடு பற்று சரியாக ஏற்படாத குழந்தை வளர்ந்த பிறகு எதிலும் ஒட்டாமல் இருக்கக்கூடும் என்று சொல்லியிருந்தார். 'கூடும்' என்று போட்டிருந்த இடங்களையெல்லாம் நான் 'கட்டாயம்' என்று படித்தேன். நாலாவது பருவத்தோடு பக்கங்கள் தீர்ந்துவிட்டன. அதாவது என் மனோதத்துவ அறிவு பத்துப் பன்னிரண்டு வயதுப் பையனோடு நின்றுவிட்டது. அவன் வளர்ந்து மாறலாமா, மாறினால் எப்படி என்பதெல்லாம் இல்லாத பக்கங்களில் இருந்திருக்கும். இல்லாத பக்கங்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

பார்த்தவர்களையெல்லாம் பருவம் பிரித்தேன். லாரி டிரைவரிடம், "அண்ணே, உனக்கு ரெண்டாவது பருவத்துல கோளாறு, அத்தொட்டுதான் சிடுசிடுன்னு கீற" என்றேன். அவர் என்னைக் கும்மிடிப்பூண்டிக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போய்விட்டார். (கோளாறு உண்மைதான் என்று எனக்கு உறுதியானது.)

என் கோளாறுக்குத்தான் ஆதாரம் வேண்டியிருந்தது. அம்மாவின் தங்கையிடம், அதாவது சின்னம்மாவிடம், நைசாகக் கேட்டேன்: "கைக்கொயந்தயா இருக்கசொல்ல அம்மா எங்கயாவது வுட்டுட்டுப் போச்சா?"

"ஏன் போவல? ஒருவாட்டி ஏலத்துல வச்சிட்டுப் பூட்டா" என்று சிரித்தாள் சின்னம்மா.

அம்மா அப்போது மீன் விற்றுக்கொண்டிருந்தாள். காசிமேட்டு மீன் ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு. குவியலை ஏலம் எடுத்தவர் தன் கூடையை அதன் மேல் வைத்துவிட்டு அடுத்த ஏலத்துக்கு ஓடுவார். கூடை உட்கார்ந்திருக்கும் குவியலை வேறு யாரும் தொட மாட்டார்கள். அன்றைக்கு அம்மாவிடம் இருந்தது ஒரே கூடை, கூடைக்குள் குழந்தை. பக்கத்தில் வஞ்சிரம் ஏலம் ஆரம்பித்துவிட்டது. குழந்தையைக் கூடையோடு நெத்திலிக் குவியல் மேல் வைத்துவிட்டு அம்மா ஓடிவிட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆதாரம் கிடைத்துவிட்டது. எந்தக் குழந்தை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. உலகத்தில் நடப்பதெல்லாம் எனக்குத்தான் நடக்கிறது என்று நினைக்கிற வயது அது. முப்பத்தொன்று.

அதற்கப்புறம் அம்மா சோறு போட்டால்கூட ஒரு மாதிரிப் பார்ப்பேன். நீ பண்ணின வேலைதானே என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். வெளியே சொல்லவில்லை.

கஸ்தூரியைச் சாத்தாங்காட்டில் ஒரு எடை மேடையில் பார்த்தேன். லாரியை மேலே ஏற்றினால் கம்ப்யூட்டரில் எடை பார்த்துச் சீட்டு கொடுக்கிற வேலை அவளுக்கு. சீட்டு வாங்கப் போய், பேச ஆரம்பித்து, இரண்டு வருடம் ஓடிவிட்டது. அவள் அம்மா நாகம்மா எண்ணூர்க் குப்பத்தில் கருவாட்டு வியாபாரம் செய்பவர். கணவர் இல்லை. மகளை வளர்த்து ஆளாக்கியவர் அவர்தான், முடிவும் அவருடையதுதான். "அம்மா வேணான்னுச்சின்னா வேணாந்தான். அதுக்கு மேல நான் பேச மாட்டேன்" என்று கஸ்தூரி முன்பே சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிறு பிற்பகல், கடை வியாபாரம் முடிந்த நேரத்தில் போனோம். அம்மா, அண்ணன், நான். அப்போது நான் ஒரு குடோனில் போர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் அண்ணன் பாடம் நடத்தினார்: "போர்க்லிப்ட் ஓட்றேன், நல்லாப் போவுதுன்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

நாகம்மா பிளாஸ்டிக் நாற்காலிகளில் படிந்திருந்த அனல் மின் நிலையத்துச் சாம்பலை முந்தானையால் தட்டிவிட்டு உட்காரச் சொன்னார். மிக்சரும் கலரும் வந்தன. அண்ணன் பார்த்து மூலை நாற்காலியாகப் பிடித்துக்கொண்டார். கஸ்தூரி உள்வாசலில் நின்றாள்.

"இந்தாப்பா" என்றார் நாகம்மா. "எம்பொண்ணு உன்னப் பத்தி சொல்லிக்கிறா. குடி கெடையாதுன்னா. நானும் நாலு பேர விசாரிச்சேன், நெசந்தான்னாங்கோ. ஒண்ணே ஒண்ணுதான் ஒதைக்குது. ஒரு எடத்துல நிக்க மாட்டேன்றியாமே. ஏன்?"

அண்ணன் என் காலை மிதித்தார். போர்க்லிப்ட் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அது என் தப்பு இல்ல அத்த" என்றேன். (கல்யாணம் முடிவாகும் முன்பே அத்தை.) "மனுசனோட குணம் எட்டுப் பருவமா வளருது. அதுல மொத பருவத்துல அம்மா பக்கத்துலயே இருக்கணும். இல்லாங்காட்டி அந்தக் கொயந்த பெருசானதும் எங்கியும் ஒட்டாது. எங்கம்மா என்னக் கூடையோட மீன் மேல வச்சிட்டு ஏலத்துக்குப் பூட்டாங்க. அத்தொட்டுதான் இப்டி ஆயிட்டேன்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த கலர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரி என்னைப் பார்த்த பார்வையில், லாரியோடு சேர்த்து என்னையும் எடை போட்டுவிட்டது தெரிந்தது.

நாகம்மா நிதானமாகப் பேசினார். "அப்போ எங்கியும் ஒட்ட மாட்டன்னு நீயே சொல்லிக்கிற. நாளிக்கி எம்பொண்ண வுட்டுட்டுப் போனாலும் இதே காரணந்தான் சொல்லுவ. எட்டுப் பருவம்னுவ, உங்கம்மான்னுவ." மிக்சர் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். விருந்து முடிந்தது என்று அதற்கு அர்த்தம். "காரணத்த கையோட எட்த்துக்கினு வர்றவனுக்குப் பொண்ணு குடுக்க முடியாதுப்பா."

எழுந்திருக்கலாமா என்று கால் யோசித்தது. வழக்கமாகக் கிளம்பத் துடிக்கிற அதே கால், அன்றைக்கென்று அசைய மறுத்தது.

அப்போது அம்மா கேட்டாள்: "எந்தக் கொயந்த?"

"நான்தான். நெத்திலி மேல."

"அது நீ இல்லடா. பெரியவன்."

எல்லோரும் மூலை நாற்காலியைத் திரும்பிப் பார்த்தோம். அண்ணன் வாய் நிறைய மிக்சரோடு உறைந்திருந்தார்.

"நான் வஞ்சிரம் எட்த்துக்கினு வர வரிக்கும் இவன் வச்ச எடத்துல குந்திக்கினு கீறான். அழுவல, அசையல. ஒரு நெத்திலிய வாயில போட்டு சப்பிக்கினு கீறான்" என்றாள் அம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "உன்ன எங்கடா எறக்கி வச்சேன்? எறக்கனா ஓடிப்பூடுவ. மூணு வயசு வரிக்கும் உன்ன இடுப்புல வச்சிக்கினுதான் ஏலமே எட்த்தேன். இந்தப் பக்கம் இடுப்பு இன்னிக்கும் வலிக்கிது. யாரு உன்ன வுட்டுட்டுப் போனா?"

புத்தகத்தில் இருந்த பக்கங்களில் இந்தக் கேள்வியே இல்லை.

மிக்சரை விழுங்கிவிட்டு அண்ணன் கவலையோடு கேட்டார்: "டேய், அப்ப நான் ஒரே பட்டறைல கீறது அதனாலயா?"

முதலில் சிரித்தது நாகம்மாதான். சிரித்துக்கொண்டே அம்மாவின் தொடையில் தட்டினார். "நானும் இவளக் கருவாட்டுக் குவியல் மேல குந்த வச்சிட்டு நாஸ்தா துன்னப் போயிக்கிறேன்மா. ஒரு கருவாடு களவு போவல."

"அதான் எனக்குக் கருவாட்டக் கண்டாலே ஆவல" என்றாள் உள்வாசலிலிருந்து கஸ்தூரி.

நாகம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "இப்ப சொல்லு. ஏன் நிக்க மாட்டேன்ற?"

"தெரியல. வேல சலிச்சிப் பூடுது" என்றேன். அன்றைக்கு நான் யோசிக்காமல் சொன்ன ஒரே வாக்கியம் அது.

"லாரி வேலய வுட்டப்புறமும் எடை மேடைக்கு வந்துகினுதாம்மா கீறாரு" என்றாள் கஸ்தூரி. "எடை போட ஒண்ணும் கெடையாது. சும்மா வந்து நிப்பாரு."

"நிப்பானா?"

"மணிக்கணக்கா நிப்பாரு. வெயில்ல."

நாகம்மா என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். மிக்சர் தட்டு மெல்ல என் பக்கம் திரும்பி வந்தது.

"வேலய மாத்திக்க. நானும் மீன் வித்து, பூ வித்து, அப்பறந்தான் கருவாட்டுக்கு வந்தேன். ஆனா வுடறதுக்கு மின்னாடி இவகிட்ட சொல்லிட்டு வுடு. பழிய யார் மேலயும் போடாத" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக எண்ணூர் வாடை அடித்தது. எனக்கு அது மல்லிகைப்பூ மாதிரி இருந்தது. பெண் கிடைத்தது ஒரு நிம்மதி. அதைவிடப் பெரிய நிம்மதி, ஒன்றரை வருடமாக நான் தூக்கிச் சுமந்த குறை என்னுடையதே இல்லை என்பது. என்னை யாரும் எங்கேயும் வைத்துவிட்டுப் போகவில்லை. பழுது ஒன்றும் இல்லை. சலித்தால் கிளம்புகிற ஆள், அவ்வளவுதான்.

"இத மன்சுல வச்சிக்கினா இவ்ளோ நாளு மூஞ்சத் தூக்கிக்கினு கெடந்த?" என்றாள் அம்மா.

"ம்."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் இல்ல. பேஜாரு புடிச்சவனே." சொல்லிவிட்டு, வலிக்கிற இடுப்பை என் பக்கம் சாய்த்துக்கொண்டு தூங்கிவிட்டாள்.

கல்யாணம் ஆகி ஆறு வருடம் ஆகிறது. அண்ணன் அதே மெஷின் முன்னால் நிற்கிறார், ஆனால் இப்போது அவருக்குக் காரணம் தெரியும். பட்டறையில் யார் வந்தாலும் நெத்திலிக் கதையைச் சொல்லித்தான் வேலையே ஆரம்பிக்கிறார். நான் இதுவரை மூன்று வேலை மாறிவிட்டேன். ஒவ்வொரு முறையும் முதலில் கஸ்தூரியிடம் சொல்கிறேன். அவள் உடனே அவள் அம்மாவுக்குப் போனைப் போட்டு என்னிடம் கொடுக்கிறாள். அந்தப் பக்கமிருந்து எப்போதும் ஒரே கேள்விதான் வரும்.

"இந்த வாட்டி பழிய யார் மேல போடப் போற மாப்ள?"

"யார் மேலயும் இல்ல அத்த. வேல புடிக்கல."

"இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா மிக்சரு கொஞ்சம் மிச்சமாயிருக்கும்" என்பார். பிறகு அடுத்த வேலை எங்கே என்று கேட்பார்.