ஆயுள் வள்ளல்

ஆயுள் வள்ளல் என்றொரு இனம் இருக்கிறது. நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் படுத்தால் தானாக வரும். கையில் ஒரு பை ஆப்பிளும் வாய் நிறையச் சிரிப்புமாகக் கதவைத் தள்ளித் திறந்து, மூக்கில் குழாயும் கையில் ஊசியுமாகக் கிடக்கிறவரைப் பார்த்து, "உங்களுக்கென்ன, புது மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்று சொல்லி, கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, கொண்டுவந்த ஆப்பிளில் ஒன்றைத் தானே எடுத்துக் கடித்துக்கொண்டு, டாக்டர்கள் பயமுறுத்துவதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்கள் என்று விளக்கி, தன் அலுவலகத்தில் இதே நோய், இதே குழாய், இதே மாதிரிக் கட்டில் என்று கிடந்த ஒருவர் இன்றைக்கு மலையேறிக்கொண்டிருக்கிறார் என்று சான்றும் சொல்லி, எழுந்து போகும்போது நூறு வயதைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறாரே, அவர்தான். மலையேறும் அந்த மனிதரை இதுவரை யாரும் பார்த்ததில்லை. இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது.

நூறுதான் கணக்கு. எண்பத்தேழு, தொண்ணூற்று நாலு என்றெல்லாம் வள்ளல் கிள்ளிக் கொடுக்க மாட்டார். நாம் இங்கே பார்க்கப்போகும் வள்ளல், தொண்ணூற்றொன்பதைத் தொட்டுவிட்ட எதிர்வீட்டுப் பெரியவரிடமும் மாடிப்படியில் நின்று, "கவலையே படாதீங்க, நூறு வயசு இருப்பீங்க" என்று முதுகில் தட்டினார். பெரியவர் கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நன்றி சொல்லாமல் இறங்கிப் போனார். அவருக்கு அன்றைக்கு உடம்பு சரியில்லை என்று வள்ளல் நினைத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் வள்ளலுக்குத் தொழில், ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கும் நிலையத்தில் மேலாளர் வேலை. அங்கே அவர் வாயிலிருந்து எளிதில் ஒரு வாக்குறுதி வராது. கம்ப்ரஸருக்கு இத்தனை வருஷம், கதவு ரப்பருக்கு உத்தரவாதம் கிடையாது, மின்சாரம் ஏறி இறங்கினால் கம்பெனி பொறுப்பல்ல என்று எல்லாம் கறாராகப் பேசுவார். "எந்த மெஷினும் ஒரு நாள் நிக்கத்தாங்க செய்யும்" என்று அழாத குறையாக நிற்கும் வாடிக்கையாளரிடம் நிதானமாகச் சொல்லக்கூடியவர். இரும்புக்கு இரண்டு வருஷம், மனிதருக்கு நூறு. இதில் அவருக்கு ஒரு முரணும் தெரிந்ததில்லை.

ஏன் தெரியவில்லை என்பதை அவருடைய அக்காவிலிருந்து தொடங்கித்தான் சொல்ல வேண்டும்.

அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, அசையாதீங்க... ம், விடுங்க" என்று ஊரில் பாதிப் பேரிடம் சொன்னவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தம்பியை வளர்த்தார். அவர்கள் அம்மா போனபோது வள்ளல் பள்ளிக்கூடப் பையன். அவரைத்தான் மருந்து வாங்கிவர அனுப்பினார்கள். மருந்து வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. அன்றிலிருந்து அவருக்குப் பயம், அவ்வளவுதான். பயந்தவர்கள் சிலர் கதவைப் பூட்டுகிறார்கள், சிலர் ஆயுள் கொடுக்கிறார்கள்.

இப்போது அக்காவின் இதயம் களைத்துவிட்டது. மருந்துகள் இருக்கின்றன, நடமாட்டமும் இருக்கிறது. ஆனால் டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து, "வீட்ல எல்லார்கிட்டயும் பேசி வச்சுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டார். உடம்பு முடியாமல் போய், தன்னால் வாய் திறக்க முடியாத ஒரு நாள் வந்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது, யார் முடிவு சொல்ல வேண்டும்: இதுதான் பேச்சு. வேறு யாருடனும் பேசுவதில் அக்காவுக்குச் சிரமமே இல்லை. தம்பியிடம்தான் பேச முடியவில்லை.

சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தார். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

"வாயைக் கழுவுக்கா. உனக்கென்ன, நூறு வயசு. அந்தக் குழம்பை இப்படித் தள்ளு."

தொலைக்காட்சி பார்க்கும்போது ஆரம்பித்தார். வள்ளல் சத்தத்தைக் கூட்டினார். பால்கனியில் ஆரம்பித்தார். வள்ளலின் கைபேசி உடனே அடித்தது. அதை அடிக்க வைக்கும் வித்தை அவர் விரலில் இருந்தது. கடைசியில் அக்கா ஒரு யோசனை செய்து, தம்பி முகமெல்லாம் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நிற்கும் நேரமாகப் பார்த்துக் குளியலறை வாசலில் போய் நின்றார். வாயைத் திறந்தால் நுரை உள்ளே போகும் அல்லவா? "நான் சொல்றதை மட்டும் கேளு. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா..." வள்ளல் வாயைத் திறக்கவில்லை. சவரக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துப் பத்து விரல் காட்டினார். மறுபடியும் பத்து. மறுபடியும் பத்து. நூறு வரும் வரைக்கும் விடவில்லை. சுவரெல்லாம் நுரை.

அதற்குப் பிறகுதான் அக்கா பல்கலைக்கழகத்துக்கு ஃபோன் செய்தார்.

சமூகவியல் துறையில் முதுமையைப் பற்றியும் கடைசிக் காலத்துக்கு முன்கூட்டித் திட்டமிடுவதைப் பற்றியும் ஆய்வு நடக்கிறது, பேச விருப்பமுள்ள மூத்தவர்கள் தேவை என்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பேச விருப்பமா? அக்காவுக்குப் பேச்சு தொண்டைவரை நிறைந்து கிடந்தது.

ஆய்வாளர்கள் இரண்டு பேராக வந்தார்கள். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஓர் அம்மாள். தாடி வைத்த, மிகவும் மரியாதையான ஒருவர். எதற்காக இரண்டு பேர்? அந்த அம்மாள் எத்தனையோ வீடு ஏறி இறங்கியவர். எல்லா வீட்டிலும் ஒரு வள்ளல் உட்கார்ந்திருப்பார் என்பது அவருக்குத் தெரியும். மூத்தவரிடம் பேச ஒரு ஆள், வள்ளலிடம் பேச ஒரு ஆள்.

நம் வள்ளலும் சோபாவின் நடுவில், யாரும் கிளப்ப முடியாதபடி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "நானும் கூடவே இருக்கேன். தனியா பேசினா அக்காவுக்குப் படபடப்பு வந்துடும்" என்றார். எக்ஸ்ரே அறையில் உடைந்த எலும்புகளுக்கு நடுவே வேலை பார்த்த அக்கா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

தாடிக்காரர் பணிவாகச் சொன்னார்: "சார், உங்களுக்கும் கேள்வி இருக்கு. உங்க அக்காகிட்ட கேக்குற அதே கேள்விங்கதான். அவங்க என்ன பதில் சொல்வாங்கன்னு நீங்க சொல்லணும். பொதுவா குடும்பத்துல இருக்கிறவங்களுக்கு அவ்வளவா தெரியறதில்லே."

"தெரியறதில்லையா?" வள்ளல் சம்மணத்தை அவிழ்த்தார். "என் அக்காவைப் பத்தி எனக்கா? வாங்க உள்ளே."

அடுத்த அறையில் அவர் பதில் சொன்ன அழகைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு கேள்விக்கும் தடுமாறவில்லை. எங்கே இருக்க விரும்புவார்? பெரிய ஆஸ்பத்திரியில், அதிலும் பெரிய வார்டில். கருவிகள் பொருத்தலாமா? இருக்கிற எல்லாவற்றையும்; இல்லாததை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். நிலைமையை அவரிடம் சொல்லலாமா? கூடவே கூடாது. முடிவெடுக்க யார்? "இது ஒரு கேள்வியாங்க? நான்தான்." அந்த நேரத்தில் பக்கத்தில் யார் இருக்க வேண்டும்? இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தார். "டாக்டர் இருப்பாரு, நர்ஸ் இருப்பாங்க. நான் எங்கே உட்கார முடியும்? மருந்துக் கடைக்கும் டாக்டருக்கும் நடுவுல ஓடிக்கிட்டில்ல இருப்பேன்."

எல்லாம் முடிந்ததும், இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் சேர்ந்து உட்கார்ந்து பதில்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் கண்ணாடி அம்மாள். வள்ளலுக்குச் சம்மதமா என்று கேட்கவே வேண்டாம். பரீட்சை முடிவைப் பார்க்க வரும் முதல் மாணவன் நடையில் வந்து உட்கார்ந்தார்.

"எங்கே இருக்கணும்?" என்றார் அம்மாள். "தம்பி பெரிய ஆஸ்பத்திரின்னு சொல்லியிருக்கார்."

"இந்த வீட்ல. அந்த ஜன்னல் பக்கம்" என்றார் அக்கா.

"இங்கே ஏசி கூட ஒழுங்கா ஓடாதேக்கா" என்றார் வள்ளல்.

"கருவிங்க?"

"வேணாம்." அக்கா தம்பியைப் பார்க்காமல் சொன்னார்: "எவ்வளவோ பேரை மூச்சைப் பிடிங்கன்னு சொல்லி நிக்க வச்சிருக்கேன். ஒருத்தரையும் அப்படியே விட்டதில்லே. விடுங்கன்னும் நான்தான் சொல்லுவேன். எனக்கும் யாராவது விடுங்கன்னு சொல்லணுமில்ல?"

"இதெல்லாம் இப்ப எதுக்கு? நீ நூறு..."

"சார்" என்றார் தாடிக்காரர், மிகவும் மரியாதையாக.

"உங்ககிட்ட நிலைமையைச் சொல்லலாமா?" என்றார் அம்மாள்.

"முதல்ல என்கிட்டதான் சொல்லணும். என் உடம்பு."

"முடிவு சொல்ல வேண்டியது யாரு?"

"கீழ் வீட்டுத் தையக்காரம்மா."

வள்ளல் எழுந்தே விட்டார். கீழ் வீட்டுத் தையல்காரம்மாள் அக்காவின் சிநேகிதி. மாலை நேரங்களில் இரண்டு பேரும் சேர்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிப்பார்கள். நல்ல மனுஷிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ரத்த சம்பந்தமா? சொந்தத் தம்பி குத்துக்கல் மாதிரி நிற்கும்போது ஜாக்கெட் தைக்கிறவரிடமா போய்...

"அவளா? நான் இருக்கும்போதா?" குரல் உடைந்துவிட்டது. "உன்னை நான் பார்த்துக்க மாட்டேனா? என்மேல நம்பிக்கை இல்லையா?"

"அவகிட்ட பேசிட்டேன். சரின்னுட்டா. வெட்டணும்னா அழுதுக்கிட்டே நேரா வெட்டிடுவா. நீ துணியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிப்பே." அக்கா இப்போதுதான் தம்பியின் பக்கம் திரும்பினார். "உக்காரு. இன்னும் ஒரு கேள்வி இருக்கு."

கண்ணாடி அம்மாள் அந்தக் கேள்வியை மெதுவாகக் கேட்டார். "அந்த நேரத்துல பக்கத்துல யார் இருக்கணும்?"

"தம்பி" என்றார் அக்கா. "இவன் மட்டும். மருந்து வாங்க ஓடக் கூடாது. டாக்டர் பின்னாடி ஓடக் கூடாது. அன்னைக்கு அம்மாகிட்டேருந்து இவனை ஓட வச்சாங்க. என்கிட்டேருந்தும் ஓடினா, அப்புறம் இவன் உக்காரவே மாட்டான். அதுக்குத்தான் அந்த முடிவெடுக்குற வேலையை அவகிட்ட கொடுத்தேன். அதையும் இவன் தலையில கட்டினா, என் பக்கத்துல இவன் எப்படி உக்காருவான்?"

வள்ளலின் வாய் பழக்கத்தில் திறந்தது. நூறு வயது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது எல்லாருக்கும் தெரிந்தது. மூடிக்கொண்டார். அவர் அழுதார் என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். கண்ணில் தூசி என்று அவரே சொன்னார்.

பிறகு கேட்டார்: "எந்தப் பக்கம் உக்காரணும்?"

"எந்தப் பக்கமா இருந்தா என்னடா? பேசாம உக்காரணும். அவ்வளவுதான்."

வள்ளல் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மாடிப்படியில் இன்னும் தாராளமாகத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறார். வீட்டில் மட்டும் ஒரு பயிற்சி நடக்கிறது. சாயங்காலம் ஜன்னலோரத்தில் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்து பார்க்கிறார். மிகவும் கஷ்டமான வேலை. கால் ஆடுகிறது, கை கைபேசியைத் தேடுகிறது. "அசையாதே" என்கிறார் அக்கா. கொஞ்ச நேரம் கழித்து, "ம், விடு" என்கிறார். வள்ளல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்.

இப்படி உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்குள்ளேயும் ஏதோ அசைந்திருக்க வேண்டும். போன வாரம், கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தன் மகனிடம் போய், தொண்டையைச் செருமி, "கண்ணா, நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தார்.

மகன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாயைக் கழுவுங்கப்பா. உங்களுக்கென்ன, நூறு வயசு."

எதிர்வீட்டுப் பெரியவர் அன்றைக்கு ஏன் நன்றி சொல்லவில்லை என்பது அப்போதுதான் வள்ளலுக்கு விளங்கியது.

இவ்வளவு தூரம் படித்துவிட்ட உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஆஸ்பத்திரி, குழாய், கடைசிக் காலம் என்று கண்ணில் பட்டதுமே, வேறு நல்ல விஷயமே கிடைக்கவில்லையா இந்த ஆளுக்கு என்று பக்கத்தைப் புரட்டப் பார்த்தீர்களா இல்லையா? உங்கள் வீட்டிலும் ஒருவர் சமீபத்தில், சாப்பிடும்போதோ விளக்கை அணைக்கும்போதோ, "எனக்கு அப்புறம்" என்று ஒரு பேச்சை எடுத்திருப்பார். அதை அவர் முடித்தாரா, நீங்கள் முடித்துவைத்தீர்களா?

சரி, சரி, முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகாது. உங்களுக்கும்தான் என்ன, நூறு வயது இருப்பீர்கள்.