பச்சை சுரண்டிகள்

மனிதர்களில் பச்சை சுரண்டி என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் காண்பது ஒன்றும் பெரிய காரியமில்லை. அப்பா காலத்துக் கார் ஒன்று வாசலில் நிற்கும், ஓடாது, நிற்கும். அதன் பானட் ஆகாயத்தைப் பார்த்துத் திறந்திருக்க, உள்ளே இடுப்பு வரை ஒருவர் புதைந்திருப்பார். அவரேதான். பாட்டரி முனையிலும் ஒயர் இணைப்பிலும் பூக்கிற பச்சைக் களிம்பைச் சுரண்டுவதற்கென்றே பிறவி எடுத்திருப்பதாக அவருக்கு நினைப்பு.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். "வண்டி எப்படி சார் இருக்கு?" என்று தப்பித் தவறிக் கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். முதலில் நெகட்டிவைத்தான் கழற்ற வேண்டும், பாசிட்டிவில் கை வைத்தால் போச்சு; வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்து முனையில் ஊற்ற வேண்டும், அது புஸ்ஸென்று நுரைப்பதை நின்று ரசிக்க வேண்டும், கூடவே நீங்களும் ரசிக்க வேண்டும்; பிறகு பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாளால் இழைத்து, துணியால் ஒற்றி, கடைசியில் வாஸ்லீன் பூச வேண்டும். வாஸ்லீன் யாருடையது? மனைவியுடையது. பிரஷ்?

"பழசுதானேன்னு எடுத்தேன்."

"நேத்துதாங்க வாங்கினேன். இன்னும் பல்லுல வைக்கலை."

அந்த அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பதினெட்டு வருஷம் வார்டில் நின்றே தேய்ந்தவர். போன மாதம் தலைமை நர்ஸ் வேலைக்கு இண்டர்வியூ வந்தது. காலை பத்து மணிக்கு.

"நான் பஸ்லயே போய்க்கறேங்க."

"என்ன பேச்சு இது? நான் எதுக்கு இருக்கேன்? நம்ம வண்டியில ஜம்முனு போய் இறங்கு."

இதற்காகவே முந்தின ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஐயா பானட்டுக்குள் குடியிருந்தார். விளக்கு, ஹாரன், ஃப்யூஸ் பெட்டி என்று ஒரு முனை விடாமல் கழற்றித் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவாரா? துரு தெரிந்த இடத்திலெல்லாம் கருப்புப் பெயிண்ட் இரண்டு கோட் அடித்தார். பாட்டரியின் கருப்பு ஒயரை வண்டியின் உடம்போடு முடுக்குகிற இடத்திலும், அதுதான் 'எர்த்', அடித்தார். தகரமும் ஒயரும் நேருக்கு நேர் தொட்டால்தான் கரண்ட் போகும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிற மனுஷன், அந்தப் பெயிண்டின் மேலேயே நட்டை முடுக்கினார்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அந்த அம்மா இஸ்திரி போட்ட புடவையும் மடியில் ஃபைலுமாக ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினால் 'டிக்'. மறுபடி திருப்பினால் அதுவும் இல்லை.

"ஒண்ணுமில்ல, லூஸ் காண்டாக்ட்," என்று இறங்கியவர், பளபளக்கிற முனைகளையே மறுபடி தேய்க்க ஆரம்பித்தார். ஒன்பதே கால். ஒன்பது இருபது. அந்த அம்மாவும் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்.

"இந்தக் கருப்பு ஒயர் முடியிற இடத்துல பெயிண்ட் இருக்கேங்க, பரவாயில்லையா? எங்க ஈசிஜி மெஷின்கூட தோல்ல சரியா ஒட்டலேன்னா ஒழுங்கா வரையாது."

"அது துருப் பிடிக்காம இருக்க அடிச்சது. உனக்கு இதெல்லாம் புரியாது, உள்ளே உட்காரு."

உட்காரவில்லை. ஒன்பது முப்பத்தைந்துக்குப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார். போய்ச் சேர்ந்தபோது மணி பத்து இருபத்தைந்து. பெயரை இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அடுத்தவரை உள்ளே அழைத்துவிட்டார்களாம். வேலை அந்த அடுத்தவருக்கே போய்விட்டது. இதை என் மனைவியிடம் சொல்லும்போது அந்த அம்மா அழவில்லையாம்.

அன்று சாயங்காலம் அந்த அம்மா வீடு திரும்பும்போது வாசலில் கார் உறுமிக்கொண்டிருந்தது.

"வா வா, கேளு! எர்த்துல பெயிண்ட்! யாருக்குத் தோணும் சொல்லு? நாலு மணி நேரம் மண்டையை உடைச்சு நானே கண்டுபிடிச்சேன்!"

"நல்லதுங்க," என்று சொல்லிவிட்டு அந்த அம்மா உள்ளே போனார்.

மூன்று நாள் கழித்து ஐயா என்னைத் தெருவில் பிடித்துக்கொண்டு இந்த எர்த் புராணத்தை எனக்கும் ஓதினார். பொறுக்க முடியாமல், "வீட்டுல அந்த இண்டர்வியூ என்ன சார் ஆச்சு?" என்றேன்.

"அட, அதைக் கேக்கவே மறந்துட்டேன் பாருங்க," என்று சிரித்தார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நம்மிடம் காரே இல்லையே என்ற தைரியம். சரி, மீன் தொட்டி? கேமரா? வருஷக்கணக்காக எழுதி முடியாத கட்டுரை? அதெல்லாம் கிடக்கட்டும். நேற்று வேலை முடிந்து உங்கள் வீட்டுப்படி ஏறியவர் முகம் எப்படி இருந்தது, சொல்லுங்கள் பார்ப்போம்.

யோசிக்கிறீர்களே!