மிச்சத்தில் எரியும் அடுப்பு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். எரிகிற அடுப்பின் மேல் கையை வைத்துச் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த அடுப்பு என்று துருவிக் கேட்பவர்களுக்குக் கதையிலேயே பதில் இருக்கிறது.

நெருப்பைக் கண்டுபிடித்தது மனிதகுலத்தின் முதல் சாதனை. அழுகிய காய்கறியிலிருந்தும் நெருப்பை எடுக்கலாம் என்று கண்டுபிடித்தது இரண்டாவது. அழுகிய காய்கறிக்கே தட்டுப்பாடு வரவழைத்தது மூன்றாவது. முதல் இரண்டையும் செய்தவர்கள் யாரென்று தெரியவில்லை. மூன்றாவதைச் செய்தவர், சந்தைக்குப் பின்னால் இருக்கும் உயிரி எரிவாயு ஆலையின் மேலாளர்.

ஆலை என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓர் அலுவலக அறை, ஒரு கூட்ட அறை, ஒரு கேண்டீன். கேண்டீனை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டி. கழிவைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றினால், அது உள்ளேயே கிடந்து புளித்து, வாயுவாகி, கேண்டீன் அடுப்பில் நீலமாக எரிய வேண்டும். இந்த ஏற்பாட்டை மேலாளர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கலர் பென்சிலால் வரைந்தும் காட்டுவார். சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் அவர் போனதில்லை. நாற்றம். பதவி உயர உயர மூக்கும் மென்மையாகிவிடுகிறது.

இந்தப் பதவிக்கு முன்பு அவர் மாமனாரின் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். வேலை கிடைத்து விடைபெறப் போனபோது மாமனார் பாசத்தோடு முதுகில் தட்டி, "ஆலை ஊத்திக்கிச்சுன்னா சங்கடப்படாதீங்க மாப்பிள்ளை. உங்க தராசை யாரும் தொட மாட்டாங்க" என்றார். அன்றிலிருந்து மேலாளர் காலையில் வந்ததும் செய்யும் முதல் வேலை, கேண்டீனுக்குள் எட்டிப் பார்ப்பது. அடுப்பு எரிந்தால் அவர் மேலாளர். அணைந்தால் ஆணி.

ஆலை தொடங்கிய புதிதில் சந்தைக்காரர்கள் அழுகலை வாசலில் கொட்டிவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டுப் போனார்கள். இது ஒரு நிறுவனத்தின் கௌரவத்துக்கு ஏற்றதல்ல என்று மேலாளருக்குத் தோன்றியது. வாசலில் பெரிய எழுத்தில் பலகை வைத்தார்: "உயர்தர மூலப்பொருள் இங்கே வரவேற்கப்படுகிறது."

மறுநாள் தக்காளிக்காரர் கூடையோடு வந்தார். கொட்டவில்லை. கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா, கொட்டிட்டுப் போ."

"அதெப்படி சார்? நேத்து வரைக்கும் இது குப்பை. இன்னிக்கு மூலப்பொருள். போர்டே வெச்சிருக்கீங்க. வெலையைச் சொல்லுங்க."

"அழுகின தக்காளிக்கு வெலையா?"

"நல்ல தக்காளின்னா கம்மியா தரேன் சார். அழுகினதுன்னா, அது அழுகுற வரைக்கும் நாங்க பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கணும்ல? அந்த உழைப்புக்குக் கூலி வேணாமா?"

மேலாளருக்கு அது நியாயமாகவே பட்டது. அன்று முதல் அந்தச் சந்தையில் நல்ல காயை விட அழுகிய காய்க்கு மவுசு. வீட்டுக்குக் காய் வாங்க வருகிறவர்களிடம், "சொத்தையா பாத்து எடுக்காதீங்கம்மா, அதெல்லாம் ஆலைக்கு" என்று கடைக்காரர்கள் கோபித்துக்கொண்டார்கள்.

இப்படி ஏறிய செலவை அடக்கத்தான் மேலாளர் தன் மனைவியின் தம்பியைக் கொண்டுவந்தார். மூலப்பொருள் சுமக்க வாளிக்கு இவ்வளவு என்று கூலி. கூடவே சுவருக்கு அந்தப் பக்கத்துப் "பராமரிப்பு". இரண்டையும் ஒருவரிடமே கொடுத்தால் சிக்கனம் என்று மைத்துனன் சொல்லச் சொல்ல மேலாளர் உத்தரவு எழுதினார். மைத்துனன் தார்ப்பாய் போட்டு மூடிய தள்ளுவண்டியில் பராமரிப்புச் சாமான்களைக் கொண்டுவருவான். சுவருக்குப் பின்னால் போவான். ஏதோ உருளும், ஏதோ திருகும் சத்தம் கேட்கும். அடுப்பு ஜம்மென்று எரியும். கையைத் துடைத்தபடி வருவான்.

"நீ இல்லன்னா என்னடா ஆகும் மாப்ளே?"

"விடுங்க மாமா, தொழில்நுட்பம்."

இருந்தும் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: மூலப்பொருள் செலவு குறைய வேண்டும், ஆற்றல் உற்பத்தி கூட வேண்டும், தவறினால் ஆலை மூடப்படும். மேலாளர் உடனே "செலவுக் குறைப்புக் கூட்டம்" கூட்டினார். மதியச் சாப்பாடு உண்டு என்று போட்டிருந்ததால் ஆலைக் குழு உறுப்பினர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். மிஞ்சிய சாப்பாட்டை மைத்துனன் வாளி வாளியாகத் தொட்டிக்குச் சுமந்தான். மறுநாள் அடுப்பில் சுடர் ஒரு சாண் உயர்ந்து நின்றது.

மேலாளரின் கண்கள் பனித்தன. உலகத்திலேயே மலிவான மூலப்பொருள் எது? கூட்டம்!

அதிலிருந்து தினமும் கூட்டம். சாப்பிட்டால் மிச்சம், மிச்சத்திலிருந்து வாயு, வாயுவில் சமையல், சமைத்தால் மறுபடியும் கூட்டம். இதற்குச் "சுழல் சிக்கனம்" என்று பெயரிட்டு, கூட்ட அறைச் சுவரில் ஒட்டினார். கீழே ஓர் எச்சரிக்கை: "தட்டைக் காலி செய்வது ஆற்றல் திருட்டு."

எல்லாம் சரியாகத்தான் போயிருக்கும், கேண்டீனில் சமைக்கும் அக்காவின் கை மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால். அந்த அம்மாள் சமைத்தால் தட்டுகள் கழுவினதுபோலத் திரும்பி வந்தன. எச்சரிக்கையைப் படித்துக்கொண்டே மறுசோறு கேட்டார்கள். மிச்சம் குறைந்தது. வாளி குறைந்தது. மைத்துனனின் கூலி குறைந்தது. மைத்துனனின் முகம் தொங்கியது. அவன் சுவருக்குப் பின்னால் போவது அரிதானது. சுடர் சுருங்கியது. இந்தத் தொடர்ச்சியில் முதலாவதையும் கடைசியையும் மட்டும் மேலாளர் வரைபடத்தில் குறித்தார். நடுவில் உள்ளவை குடும்ப விஷயம்.

அக்காவைக் கூப்பிட்டார்.

"அக்கா, ஆலையோட எதிர்காலம் உங்க கையில இருக்கு. கொஞ்சம் மோசமா சமைக்கணும்."

"எது?"

"உப்பைக் கூட்டி, வேக்காட்டைக் கொறச்சு... நாட்டோட ஆற்றல் தேவைக்காக."

அக்கா கரண்டியை மேசை மேல் வைத்தார். "தம்பி, எனக்கு நல்லா சமைக்க மட்டும்தான் தெரியும். கெடுத்து சமைக்கணும்னா அதுக்குன்னு படிச்சவங்க யாராச்சும் இருப்பாங்க, தேடிப் புடிங்க." வேலையை விட்டுப் போனவர் எதிர்ச்சாரியிலேயே ஒரு சாப்பாட்டுக் கடை போட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஆய்வு அதிகாரி வரப்போவதாகத் தகவல். சமைக்க ஆளில்லை. சமையல் இல்லையென்றால் மிச்சம் இல்லை. மேலாளரின் காதில் ஆணிகள் தராசில் விழும் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அக்கா இருக்குல்ல?" என்றான் மைத்துனன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் அவள் கல்யாணத்துக்கு முன்பும், மற்றவர் பின்பும், அவள் கையால் சாப்பிட்டு உயிர் பிழைத்தவர்கள். மேற்கொண்டு விவாதம் தேவைப்படவில்லை.

அன்று மாலை மேலாளர் மனைவியின் எதிரில் உட்கார்ந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஏம்மா, ஆலையில நீ வந்து சமைக்கணும். உன் கைப்பக்குவம் வேற யாருக்கும் வராது."

மனைவி எழுந்து வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே? இத்தனை வருஷத்துல என் சாப்பாட்டைப் பத்தி நீங்க வாயைத் திறந்ததே இல்லையேங்க."

"வாய் திறந்தா சொல்லிடுவேனோன்னு... அதாவது, கண்பட்டுடுமோன்னு."

ஆய்வு நாள் வந்தது. உறுப்பினர்கள் எதிர்ச்சாரிக் கடையில் அக்கா கையால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பத்தோடு கூட்டத்துக்கு வந்தார்கள். மேலாளரின் மனைவி பரிமாறியதை ஆளுக்கு ஒரு வாய் வைத்தார்கள். கரண்டியைக் கீழே வைத்தார்கள். தட்டுகள் வந்த கோலத்திலேயே திரும்பின. அதிகாரியும் ஒரு வாய் வைத்தார், சிறிது நேரம் கண்ணை மூடியிருந்தார், பிறகு தன் தட்டை அப்படியே ஆற்றல் துறைக்கு அர்ப்பணித்தார். வாளிகள் நிரம்பி வழிந்தன. மைத்துனன் பல்லெல்லாம் தெரியச் சுவருக்குப் பின்னால் ஓடினான். உருளும் சத்தம், திருகும் சத்தம். சுடர் எழுந்த வேகத்தில் பக்கத்துச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் கருகியது.

"பிரமாதம்!" என்றார் அதிகாரி. "தொட்டியையும் ஒரு பார்வை பாத்துடுவோமே."

மேலாளர் அவசரமாக முன்னால் வந்தார். "அந்தப் பக்கம் கொஞ்சம் வாடை இருக்கும் சார்."

அதிகாரி சுவர் வரைக்கும் நடந்தார். ஒரே ஒரு மூச்சு இழுத்தார். கைக்குட்டை மூக்குக்குப் போனது. "இதுக்கு மேல என்னய்யா அத்தாட்சி வேணும்? ஓடுது, நல்லாவே ஓடுது" என்று நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டார். "அது சரி, இதோட ரகசியம் என்ன?"

மேலாளர் உணர்ச்சிவசப்பட்டார். அது அவர் செய்த ஒரே தவறு. "எல்லாம் என் மனைவியோட சமையல்தான் சார். ஒரு பருக்கைகூட யார் வயித்துக்கும் போய் வீணாகாது."

மனைவி கரண்டியும் கையுமாக நின்றாள். முகத்தில் இருந்த புன்னகை, இருந்த இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் குளிர்ந்தது.

"அப்படியாங்க? அப்ப இனிமே வீட்டுலயும் உங்க தட்டு நேரா தொட்டிக்கே போயிடட்டும். நாட்டுக்கு நல்லதுதானே?"

சொன்னதைச் செய்தாள். மேலாளர் இப்போது மூன்று வேளையும் எதிர்ச்சாரியில் வரிசையில் நின்று சாப்பிடுகிறார். அக்கா அவருக்கு மட்டும் மறுசோறு தருவதில்லை. "ஆற்றல் திருட்டு ஆயிடும் தம்பி" என்கிறார். ஆனாலும் மேலாளர் மனம் நிறைந்திருக்கிறது. ஆலைக்குச் "சிறந்த சிற்றாலை" விருது வந்துவிட்டது. எல்லா ஆலைகளும் இதே முறையைப் பின்பற்ற வேண்டும் என்று அதிகாரி எழுதியிருக்கிறார். மாமனார் தராசைத் துணி போட்டு மூடிவிட்டார்.

சத்தியம் செய்துவிட்டபடியால் ஒரு சிறு விவரத்தையும் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. குழாய்க்கென்று ஒதுக்கிய தொகை முதலில் அழுகல் வாங்கவும், பிறகு செலவுக் குறைப்புக் கூட்டங்களின் சாப்பாட்டுக்குமே தீர்ந்துபோனதால், தொட்டியிலிருந்து அடுப்புக்கு இன்றுவரை குழாய் போடவில்லை. சுவருக்குப் பின்னால் மைத்துனன் மாற்றிக்கொண்டிருப்பது, வாளிக் கூலியில் கடையில் வாங்கிய கேஸ் சிலிண்டர்.