பின்சில்லுக்கு டிஸ்க் பிரேக்

இனி என்ர காரில் என்னைத் தவிர வேறொருத்தன் கைவைக்கக்கூடாது என்று செல்வரட்ணம் அறிவித்தது மச்சான் குலசிங்கம் வீட்டு விருந்தில், மூன்றாவது கிளாஸுக்குப் பிறகு. கையில் கிளாஸ் இல்லாத நேரங்களில் மனுசன் இவ்வளவு வீரமாகப் பேசுவதில்லை.

கார் என்றால் சும்மா கார் இல்லை. 1970ஆம் ஆண்டுச் சிவப்பு மஸ்டாங். ரூஜ் பகுதியில் வீடு வாங்கின வருஷமே அதையும் வாங்கிக் கராஜில் போர்வை போர்த்துப் படுக்கவைத்தவர். ஓடினதை விடத் துடைத்ததுதான் கூட. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை குலசிங்கத்தின் மகள் சாம்பவிக்குக் கலியாணம். பொம்பிளையை மண்டபத்துக்கு மஸ்டாங்கில் கொண்டுபோய் இறக்குவது தன் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பின்சில்லில் இருக்கிற பழைய டிரம் பிரேக்கைக் கழற்றி, புது டிஸ்க் பிரேக்கைத் தன் கையாலேயே பூட்டப்போவதாகவும் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். அதுதான் பிழையாய்ப் போனது.

அவருடைய மனைவி மங்கையற்கரசி, சொந்தக்காரருக்கு அரசி, பள்ளிக்கூட பஸ் ஓடுகிறவள். பதினொரு வருஷமாக, விடியக் குளிருக்குள் ரோச் லைட் அடித்து பஸ்ஸின் அடியெல்லாம் பார்த்து, பிரேக்கைச் சோதித்து, கையெழுத்து வைத்த பிறகுதான் வண்டியை எடுப்பாள்.

"இஞ்சருங்கோ, முன்வீட்டு டெனிஸ்டனை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன். அவன்ர தொழிலே உதுதானே, எங்கட ஆக்கள் எல்லாற்ற காரும் அவனிட்டத்தானே போகுது."

"டெனிஸ்டன் ஆர் எனக்குப் படிப்பிக்க? நான் ஊரில ஒரு மொறிஸ் மைனர் காரையே கழட்டிப் பூட்டினனான்."

"பூட்டினது உங்கட அண்ணை. நீங்கள் ரோச் பிடிச்சனீங்கள் எண்டு மாமி சொன்னவ."

செல்வரட்ணம் புது பிரேக் வந்த பெட்டியை உடைத்தார். உள்ளே இருந்த விளக்கத்தாளை விரித்து, அதில் மிக்ஸரைக் கொட்டிச் சாப்பிட்டார். சனிக்கிழமை முழுக்கச் சுத்தியல் சத்தம். பின்னேரம் போல எல்லாம் பூட்டி முடிந்தது. ஏறி இருந்து பிரேக்கை மிதித்தார். பெடல் தேத்தண்ணியில் ஊறின பாணுக்குள் கால் வைத்த மாதிரித் தரை வரைக்கும் போனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எயர் எடுக்கிற வேலை. பிரேக் ஒயில் ஓடுகிற குழாய்க்குள் காற்று நின்றால் பிரேக் பிடிக்காது. ஒருவர் மேலே இருந்து பெடலை மிதிக்க, மற்றவர் கீழே படுத்து நிப்பிள் என்கிற சின்னத் திருகைத் திறந்து காற்றை வெளியே விடவேண்டும். புருஷன் கீழே, பெண்சாதி மேலே.

"அமத்தும்."

"அமத்தினன்."

"பிடியும்."

"பிடிச்சிருக்கிறன்."

"விடும். திரும்ப அமத்தும்."

"காலையிலயிருந்து அமத்திறன். நான் இதிலயிருந்து மிதிச்ச மிதிக்கு சைக்கிள் எண்டால் மொன்றியலுக்குப் போயிருப்பன்."

நாலு போத்தல் ஒயில் முடிந்தது. பெடல் அப்படியே இருந்தது. மங்கையற்கரசி இறங்கி வந்து, ரோச்சை அடித்து இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, உந்த நிப்பிள் கீழ்ப்பக்கமெல்லோ பாத்துக்கொண்டிருக்கு. காத்து மேலதானே நிக்கும்? இடப்பக்கத்துச் சாமானை வலப்பக்கம் மாறிப் பூட்டிப்போட்டியளோ?"

அவள் சொல்லி முடிக்கும்போதே அது சரி என்று செல்வரட்ணத்துக்கு விளங்கிவிட்டது. ஆனால் வாய் அதற்கு முதலே புறப்பட்டுவிட்டது.

"பஸ் ஓடுற ஆக்களுக்கு ஸ்டியரிங்கோட வேலை. நீர் காலை மட்டும் பாரும்."

"சரி," என்றாள் அவள். உள்ளே போய்விட்டாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் இப்படி "சரி" சொன்னது நாலைந்து தரம்தான். ஒவ்வொரு தரமும் அவர்தான் பிழை.

திங்கட்கிழமை அவள் பஸ்ஸுக்குப் போன கையோடு கராஜுக்குள் புகுந்தார். மாறித்தான் பூட்டியிருந்தார். கழற்றுவோமென்று நட்டுக் கழற்றுகிற சாவியைப் போட்டு இழுத்தார். பைப்பின் நட்டு தேய்ந்து வட்டமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மற்றப் பக்கத்து நட்டும் அதே கதை. கராஜ் கதவைப் பூட்டிவிட்டுப் பிரேக் ஒயில் மணக்கிற கையோடு படியில் இருந்தார். பெண்சாதி சொன்னது சரியென்று ஒத்துக்கொள்ளுவதை விட, காரைக் கொண்டுபோய்ப் பிக்கறிங் பக்கம் எங்கேயாவது விட்டுவிட்டு, களவு போய்விட்டதென்று சொல்லலாமா என்றுகூட யோசித்தார். நினைக்கவே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் நினைத்தார்.

புதன்கிழமை மத்தியானம், அவள் பஸ்ஸில் இரண்டாம் ஓட்டத்துக்குப் போன பிறகு, டெனிஸ்டனுக்குப் போன் எடுத்தார். ஏழு நிமிஷத்தில் அவன் வாசலில் நின்றான். கையில் சரியான சாவி, சரியான நீளத்தில் இரண்டு புதுப் பைப். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தொழில்காரன் வீட்டில் எல்லாம் இருக்கும்தானே என்று செல்வரட்ணம் நினைத்துக்கொண்டார். இந்த முறை பெடல் மிதிக்கிற வேலை அவருக்கு. ஒன்றரை மணித்தியாலத்தில் பெடல் கல்லாக நின்றது.

"டெனிஸ்டன், அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதையும்."

"நான் ஏன் அண்ணை சொல்லப்போறன்?"

பின்னேரம் மனைவியை ஏற்றி மிதிக்கச் சொன்னார். மிதித்தாள்.

"நல்லாத்தான் நிக்குது. என்ன செய்தனீங்கள்?"

"கொஞ்சம் மூளை பாவிக்கவேணும்," என்றார் அவர், அவளுடைய முகத்தைப் பார்க்காமல்.

"கெட்டிக்காரன்தான்." அன்றைக்கு மீன் கட்லெட் பொரித்துக் கொடுத்தாள். அவர் இரண்டோடு கையைக் கழுவிக்கொண்டார். வெள்ளிக்கிழமைக்குள் அவருடைய கைத்திறன் சொந்தக்காரர் முழுப்பேருக்கும் தெரிந்துவிட்டது. வாட்ஸப்பில் கும்பிடுகிற கைப் படங்கள் வந்து குவிந்தன. அவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

கலியாண ஞாயிற்றுக்கிழமை, குலசிங்கம் வீட்டு வாசல். சில்லுக்கு அடியில் ஒன்றொன்றாக நாலு தேசிக்காய். ஆராத்தி எடுத்தாயிற்று. மங்கையற்கரசி முன்சீற்றிலும் பட்டுச்சேலையோடு சாம்பவி பின்சீற்றிலும் ஏறிவிட்டார்கள். குலசிங்கம் செல்வரட்ணத்தின் தோளில் கைவைத்தார். மனுசனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"மச்சான், உந்தப் பழைய காரில பிள்ளையை ஏத்த எனக்கு மனமில்லாமல்தான் இருந்தது. பிரேக்கை நீர் உம்மட கையால செய்தனீர் எண்டு அரசி சொன்னவள். அதை நம்பித்தான் விடுறன்."

ஒரு தகப்பன் தன் பிள்ளையைத் தூக்கி ஒரு பொய்யின் மேல் வைக்கிறான். இதற்கு மேல் செல்வரட்ணத்தால் முடியவில்லை.

"மச்சான், நான் செய்யேல்லை. நான் இடத்தையும் வலத்தையும் மாத்திப் பூட்டிப்போட்டன். அரசி பாத்த உடன சொன்னவ, நான்தான் கேக்கேல்லை. பிறகு டெனிஸ்டனைக் களவாக் கூப்பிட்டுச் செய்விச்சனான்."

வீடியோக்காரன் பொம்பிளையை விட்டுவிட்டு அவர் பக்கம் கமெராவைத் திருப்பினான்.

"மாமா, ஜஸ்ட் டெல் மீ," என்று உள்ளேயிருந்து சாம்பவி கேட்டாள். "பிரேக் பிடிக்குமா, பிடிக்காதா?"

"பிடிக்கும் பிள்ளை. டெனிஸ்டன் பூட்டினது."

"அப்ப ஓகே. லெட்ஸ் கோ."

டெனிஸ்டன் என்ற பெயரைக் கேட்டதும் குலசிங்கத்தின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், திட்டியிருந்தால்கூட செல்வரட்ணத்துக்கு இவ்வளவு சுட்டிராது.

தேசிக்காய் நசிந்தது. கார் புறப்பட்டது. மார்க்கம் ரோட்டுச் சிவப்பு லைட்டில் அலுங்காமல் நின்றது. அவமானத்தோடு அவமானமாக ஒரு பாரமும் இறங்கியிருந்தது. தான் அவ்வளவு கெட்ட மனுசன் இல்லை என்றுகூட அவருக்குத் தோன்றியது. பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தார்.

"அரசி, உமக்கு நான் புதன்கிழமையே சொல்லியிருக்கவேணும்."

அவள் கண்ணாடியைப் பார்த்துத் தலையில் பூவைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"போன ஞாயிற்றுக்கிழமையே டெனிஸ்டனிட்டைச் சொல்லிப்போட்டன், உவர் கழட்டப்போய் நட்டையும் தேய்ச்சுப்போடுவார், புதுப் பைப்போட சாமானெல்லாம் எடுத்து வை, ஆனா தன்ர வாயால கேக்கும் வரைக்கும் வராதை எண்டு. திங்களே கேப்பியள் எண்டு நினைச்சன். லைட் பச்சை விழுந்திட்டுது, எடுங்கோ."