மேடு ஏறிய சின்னக் காரும் அறுபத்தாறு கிலோ அத்தையும்

மதிப்புக்கும் மரியாதைக்கும் கொஞ்சம் கோபத்துக்கும் உரிய சித்தப்பா அவர்களுக்கு,

வீட்டு வாலு எழுதும் கடிதம். இங்கே அப்பா, அம்மா, அத்தை, அக்கா, நான் ஆகிய ஐவரும் நலம். தங்கள் நலத்தை விசாரிக்கும்படி அம்மா சொன்னார், இதோ விசாரித்துவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்: நாங்கள் கார் வாங்கிவிட்டோம். சின்னக் கார், கையைக் கடிக்காத விலை, பெட்ரோலை மடக் மடக்கென்று குடிக்காமல் மருந்து மாதிரி குடிக்கிற வண்டி. இதில் கோபம் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். போன வருஷம் வாடகைக் காரில் ஆறு பேராகத் திணித்துக்கொண்டு போனோமே, தண்ணீர்த்தொட்டி மேட்டில் வண்டி மூச்சு வாங்கி நின்றதே, அப்போது தாங்கள், "அக்கா, நீ இறங்கினா வண்டி ஏறிடும்" என்றீர்களே, அங்கே வந்தது. எல்லாரும் சிரித்தோம். சத்தமாகச் சிரித்தது நான்தான், அதை மறைக்கவில்லை. அத்தையும் சிரித்துக்கொண்டே இறங்கி மேட்டை நடந்தே ஏறினார். வண்டியும் ஏறியது. அன்றோடு சரி, அத்தை எந்தக் காரிலும் ஏறவில்லை. எங்கே கூப்பிட்டாலும் "எனக்கு வேலை இருக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்பார். அப்பா கார் பேச்சை எடுத்ததுமே, "நாலு பேருக்குப் பாருடா. நான் கணக்குல வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தராசு பழுது பார்ப்பவரிடம் போய் "கணக்குல வேண்டாம்" என்றால் நடக்குமா? எங்கள் வீட்டில் நிறை பார்ப்பது அப்பா, குறை பார்ப்பது அம்மா. தானே நிறுத்துப் பார்க்காத எண்ணை அப்பா நம்பவே மாட்டார். காட்சியறையில் விற்பனையாளர் முதலில் ஓர் உயரமான வண்டியைக் காட்டி, கூரையைத் திறந்து, "இதுல வானத்தைப் பாக்கலாம் சார்" என்றார். "வானம் பாக்க எங்க வீட்ல மொட்டைமாடி இருக்கு தம்பி, சின்னதைக் காட்டுங்க" என்றார் அப்பா. சின்னதைக் காட்டினார். "லிட்டருக்கு இருபத்துநாலு குடுக்கும் சார்."

"இருபத்துநாலு குடுத்தப்போ உள்ள எத்தனை கிலோ இருந்துச்சு?"

"பெட்ரோலா சார்?"

"ஆளு."

விற்பனையாளர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவருடைய புத்தகத்தில் எல்லாம் இருந்தது, இது மட்டும் இல்லை. "அப்ப நாங்களே பாத்துக்கறோம்" என்று அப்பா வீட்டுக்கு வந்து, பட்டறையில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசைத் துடைத்து, எங்களை வரிசையில் நிறுத்தினார். அப்பா அறுபத்துநாலு, அம்மா அறுபத்தேழு, அக்கா நாற்பத்தொன்பது, நான் நாற்பத்தைந்து (வால் சேர்த்து). அத்தை மட்டும் வரவில்லை. "ஊருக்கே என்னைத் தெரியும், முள்ளுக்கு வேற தெரியணுமா?" என்றார்.

சித்தப்பா, அப்போதுதான் என் மண்டைக்குள் மணி அடித்தது. மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் எழுந்து, தராசின் திருகாணியைக் கொஞ்சம் திருகி, அத்தையை ஐந்தாறு கிலோ இளைக்க வைக்கலாம் என்று பூனை மாதிரி பட்டறைக்குள் போனேன். போனால் அங்கே திருப்புளி ஏற்கெனவே கிடக்கிறது. முகப்பின் இடது பக்கம் அப்பாவின் கைக்குட்டை தொங்குகிறது. தூக்கிப் பார்த்தால், முள் பூஜ்யத்துக்குக் கீழே ஆறு கோடு, அதாவது ஆறு கிலோ, தள்ளிப் பதுங்கி நிற்கிறது! அரை கிலோ ஏமாற்றச் சொன்ன கடைக்காரரைப் படியோடு துரத்தியவர் அப்பா. கூடுதல் காசு தருகிறேன் என்றபோதும் "வேற ஆளைப் பாருங்க" என்றவர். அந்த மனிதர் விடிவதற்குள் எழுந்து தன் சொந்தத் தராசிலேயே குறும்பு செய்திருக்கிறார். நானும் எத்தனையோ பேரை எத்தனையோ விதமாக ஏமாற்றியவள்தான். ஆனால் அந்தத் திருகாணியைத் தொட எனக்குக் கை வரவில்லை. கைக்குட்டையை இருந்தபடியே தொங்கவிட்டு வந்துவிட்டேன்.

காபி குடித்ததும் அப்பா, "அக்கா, ஒரே ஒரு நிமிஷம், என் தோளைப் பிடிச்சுக்கிட்டு ஏறு. புடிக்கலேன்னா இறங்கிடு" என்று கெஞ்சினார். அத்தை என்னைப் பார்த்தார், கைக்குட்டையைப் பார்த்தார், ஏறினார். முள் அறுபத்தாறில் நின்றது. "அறுபத்தாறு!" என்று அப்பா தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அத்தை முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அம்மா முகத்தில் இருந்தது போனது. "அப்ப இந்த வீட்டுக்கே நான்தான் பாரமா? தள்ளுங்க, நான் இன்னொரு தடவை ஏறறேன்." அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. "மிஷின் சூடாயிருக்கும்மா, நாளைக்குப் பாக்கலாம்!"

அடுத்து சோதனை ஓட்டம். அப்பா ஓட்டினார், நான் பின்னால் நானாகவே உட்கார்ந்தேன். அக்காவுக்கும் அத்தைக்கும் பதிலாக எடைக்கற்கள். அம்மாவின் இடம் விற்பனையாளருக்கு. அப்பா அவரை மேலும் கீழும் பார்த்து, "நீங்க அறுபத்திரண்டு" என்றார். "கரெக்டா அறுபத்திரண்டு சார்! எப்படி சார்?" என்று அவர் வியந்து முடிப்பதற்குள் பற்றாத ஐந்து கிலோவுக்கு ஒரு கல்லை அவர் மடியில் வைத்துவிட்டார். பாவம், அந்த மனிதர் கற்களுக்கெல்லாம் சீட் பெல்ட் போட்டுவிட்டு, "மேடம் ரெண்டு பேரும் வசதியா இருக்காங்க சார்" என்றார். அவரையும் எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் ஒன்றை நான் கவனித்தேன், தங்களிடம் மட்டும் சொல்கிறேன். முள் காட்டியது அறுபத்தாறு, மறைத்தது ஆறு. ஆக அத்தையின் நிஜ எடை எழுபத்திரண்டு. அத்தையின் இடத்தில் அப்பா வைத்ததோ மூன்று இருபது, ஒரு பத்து, ஒரு ஐந்து, ஒரு மூன்று. எழுபத்தெட்டு! எடை போடுவதையே தொழிலாகக் கொண்டவர் முதல் தடவையாகக் கணக்கில் கோட்டை விட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் சொன்னால் இப்படித்தான், கூட்டல் கைவிட்டுப் போகிறது. நானும் வாயைத் திறக்கவில்லை. வண்டியில் பெட்ரோலை வாய்வரை நிரப்பி, தண்ணீர்த்தொட்டி மேட்டோடு சேர்த்து நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, திரும்ப வாய்வரை நிரப்பிப் பார்த்தோம். லிட்டருக்குப் பதினெட்டரை. ஆறு கிலோ தப்பாக ஏற்றியதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும் என்பது என் கணக்கு.

நேற்று வண்டி வீட்டுக்கு வந்தது. அத்தை இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, பின்சீட்டின் நடுவில் ஏறி உட்கார்ந்தார். தண்ணீர்த்தொட்டி மேடு வந்தது. யாரும் மூச்சு விடவில்லை. மூச்சுக்கும் எடை உண்டே. பாதி மேட்டில் வண்டி லேசாகத் திணறியது. அத்தை கதவுப் பக்கம் கையை நீட்டி, "இறங்கணுமாடா?" என்றார்.

அப்பா கியரை மாற்றினார். "நீ உக்காருக்கா. வேணும்னா மேடு இறங்கட்டும்."

மேடு இறங்கிவிட்டது, சித்தப்பா. உச்சியில் வண்டியை நிறுத்தி எல்லாரும் கீழே பார்த்தோம். அத்தை மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திக்கு என் அன்பு. தங்கள் ஆசிகளை எடை குறையாமல் அனுப்பி வைக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படியாத,
வாலு

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்க்க அம்மாவிடம் கொடுத்த கடிதம் எப்படியோ அத்தை கைக்குப் போய்விட்டது. முழுவதும் படித்துவிட்டு, "ஒரே ஒரு பிழைதான்" என்றார். "உங்கப்பன் கணக்கு சரி. மருந்துக் கடை மிஷின்ல நான் எழுபத்தெட்டு. அந்தக் கைக்குட்டையைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இவ்வளவு மெனக்கெட்டு ஒரு பொய் சொல்றானே, நாமளும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணுவோம்னு அவன் தோளை நல்லா அழுத்திப் புடிச்சுக்கிட்டேன்." ஆக, தோளில் இறங்கிய ஆறு கிலோவையும் அப்பா கிராம் பிசகாமல் நிறுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். கோட்டை விட்டது நான்தான். பதினெட்டரை பதினெட்டரையேதான். அடுத்த மாதம் தாங்கள் வரும்போது இதே காரில்தான் அழைத்து வருவோமாம். மேட்டில் வண்டி திணறினால் யார் இறங்குவது என்று அத்தை முடிவு செய்துவிட்டார். நல்ல செருப்பாகப் போட்டு வரவும்.