அம்மன் பேர் இல்லாத கும்மிப்பாட்டு

ஆடி மாதம் முதல் வெள்ளிக்கிழமை, கையில் பாதி தின்ற தோசையோடு கூத்தையா ஒரு சபதம் செய்தார். சபதம் செய்கிற மனுஷன் எழுந்து நின்றாவது செய்ய வேண்டும். இவர் உட்கார்ந்தபடியே செய்தார்.

“ஐந்நூறு சீடி. ஆவணி முடியிறதுக்குள்ள ஐந்நூறு சீடி வித்துக் காட்டுறேன். காட்டலைன்னா கடைச் சாவிய ஒன் கையில குடுத்துட்டு ஒன் பின்னாடியே காட்டு வேலைக்கு வந்துர்றேன். போதுமா?”

அவர் மனைவி பூமயில் அடுத்த தோசையைத் திருப்பிப் போட்டாள். “பஞ்சம்மாக்கா, கேட்டுக்கிட்டீகளா?”

“கேட்டுச்சு, கேட்டுச்சு” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. கருவேலங்குளத்தில் பஞ்சம்மாள் காதில் விழுந்த பேச்சு பத்திரத்தில் எழுதிப் பதிந்த மாதிரி. மாற்ற முடியாது.

கூத்தையாவுக்கு முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பாட்டுக் கடை. ‘பூமயில் ஆடியோ சென்டர்’. பெண்டாட்டி மேல் பிரியப்பட்டு வைத்த பேர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ‘பூ’வில் ஆரம்பித்தால் கடை நிற்கும் என்று ஒரு ஜோசியர் சொல்லியிருந்தார். இருபது வருஷம் நின்றது. இப்போது சும்மா நின்றுகொண்டிருந்தது.

காதுகுத்து, கல்யாணம், கிடாவெட்டு என்று மைக் செட்காரர்கள் வரிசை கட்டி நின்று கேசட் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. காதலிக்கிற பயல்கள் பிடித்த பாட்டையெல்லாம் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். கூத்தையா ராசாத்தனமாகச் சீட்டை வாங்கி, வெற்றுக் கேசட்டில் பதிந்து கொடுப்பார். பதிகிற வேலை வீட்டில் நடக்கும். அப்போது வீட்டில் மூச்சுச் சத்தம் கேட்கக்கூடாது. வீட்டுச் சத்தம் கேசட்டில் ஏறாது என்று அவருக்கே தெரியும். ஆனாலும் கூடாது. கல்யாணமான மூன்றாம் நாள், அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டே பூமயில் ஒரு கும்மிப்பாட்டை எடுத்தாள். “வாய மூடு, ரெக்கார்டிங் ஓடுது” என்றார். மூடினாள். அன்றைக்கு மூடியதுதான். வருஷத்துக்கு ஒருமுறை முளைப்பாரிக்குக் கும்மி கொட்டும்போது ஊர்ப் பெண்களோடு பாடுவாள். வீட்டில் ஒரு வரி பாடியதில்லை.

இப்போது எவன் செல்போனைத் திறந்தாலும் உள்ளே இருநூறு பாட்டு. “படத்துல நல்லாருக்கிறது ஒத்தப் பாட்டு. அதுக்கு ஆறு பாட்டுச் சீடிய எதுக்குண்ணே வாங்கணும்?” என்று கடை வாசலிலேயே நின்று கேட்டான் ஒருத்தன். கேட்டுவிட்டு, அந்த ஒற்றைப் பாட்டையும் பக்கத்தில் நின்றவன் செல்லிலிருந்து ஏற்றிக்கொண்டு பஸ் ஏறிவிட்டான். ஏற்றுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தது கடை ஸ்டூலில்.

“திருட்டுப் பயலுக” என்று வீட்டுக்கு வந்து கத்தினார் கூத்தையா.

“நீங்க சீட்டு வாங்கிப் பதிஞ்சு குடுத்தது என்னவாம்?”

“அது தொழிலு.”

பூமயிலுக்கு அப்பன் வீட்டுச் சீதனமாக மூன்று ஏக்கர் மானாவாரிக் காடு உண்டு. குதிரைவாலியும் மிளகாயும் போடுவாள். புரட்டாசி விதைப்பிலிருந்து தை அறுப்பு வரை ஒற்றை ஆளாகக் கிடந்து சாவாள். ஈ ஓட்டுகிற கடையைப் பூட்டிவிட்டுக் காட்டுக்கு வாருங்கள் என்று நாலு வருஷமாகக் கேட்டுப் பார்த்தாள். அந்த வாய்க்குப் பூட்டுப் போடத்தான் தோசைச் சபதம்.

கூத்தையாவிடம் திட்டம் இருந்தது. கருவேலங்குளத்தில் ஆடியில் முளைப்பாரி. சுற்றுப்பட்டி ஊர்களில் எல்லாம் ஆவணியில். ஊருக்குப் பத்து சீடி என்றாலும் ஐம்பது ஊர். கும்மிப்பாட்டில் பூமயிலை அடித்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. இது அவருக்கு இருபது வருஷமாகத் தெரியும். ஒருநாளும் சொன்னதில்லை, அவ்வளவுதான். “மைக் செட் என் செலவு, ஆத்தாளுக்கு நேர்த்திக்கடன்” என்று ஊரில் சொல்லி, கும்மி வட்டத்துக்கு நடுவே மைக்கை வைத்தார். எட்டு நாள் பாட்டையும் சத்தமில்லாமல் பதிந்துகொண்டு மதுரைக்கு வண்டி ஏறினார்.

அங்கே ஸ்டூடியோக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். “பாட்டுக்கு நாலு தடவ கருவேலங்குளத்து மாரின்னு வருதே. அடுத்த ஊர்க்காரன் இதை அவன் கோயில்ல எப்படிப் போடுவான்?”

கூத்தையாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதை அவர் யோசிக்கவே இல்லை. அவரவர் ஆத்தாள் பேரைச் சொல்லிப் பாடினால்தான் அது கும்மி.

“வெட்டிருங்க” என்றார்.

வெட்டினார்கள். வெட்டின இடம் ஓட்டையாக இருக்கக்கூடாது என்று கீபோர்டில் ஒரு சத்தம் வைத்தார்கள். ஆத்தாள் பேர் வருகிற இடத்தில் எல்லாம் ‘டொய்ங்’. அட்டையில் யாரோ ஒரு பெண் உதட்டுச் சாயத்தோடு சிரித்தாள். கீழே ‘இசைக்குயில் ரேகாஸ்ரீ’.

ஐந்நூறு சீடியும் அட்டைப்பெட்டியில் வந்து இறங்கின. பூமயில் ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

“இது யாரு?”

“சும்மா ஒரு மாடலு.”

“கொரலு என்னோடது. மூஞ்சி இவளோடதா?”

“பின்ன? என் பொண்டாட்டி மூஞ்சிய பஸ் ஸ்டாண்டுல தொங்கவிடச் சொல்றியா? நாலு பேரு என்ன பேசுவான்?”

“கடை போர்டுல என் பேரு தொங்குதே, அதை நாலு பேரு பாக்கலையா? ஒரு வார்த்தை கேட்டீகளா என்னைய?”

“புருஷன் பொண்டாட்டிக்குள்ள கேக்கிறதென்ன.”

பூமயில் சீடியைத் துடைத்துப் பெட்டியிலேயே வைத்தாள். அவள் சண்டை போட்டிருந்தால் கூத்தையா சுதாரித்திருப்பார். பேசாமல் இருக்கவே ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

ஆவணி பிறந்தது. வண்டியில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். முதல் ஊரில் பெண்கள் ஒரு பாட்டைக் கேட்டார்கள். “எந்த ஆத்தாளுக்குப் பாடுறா இவ?” என்றாள் ஒரு கிழவி. ரெண்டாவது ஊரில் கேட்கவே இல்லை. மூன்றாவது ஊரில், பொடிசுகள் வண்டிக்குப் பின்னாலேயே ‘டொய்ங் டொய்ங்’ என்று கத்திக்கொண்டு ஓடி வந்தன. பதினைந்து நாளில் போன சீடி ஏழு. அதிலும் நாலு, ஓசி.

பதினாறாம் நாள் மேலப்பனங்குளம் எல்லையில் வண்டியை நிறுத்தினார். புளியமரத்துக் குழாய் ஸ்பீக்கரில் பாட்டு ஓடியது. அவர் சீடியில் இருக்கிற அதே பாட்டு. அதே குரல். கூத்தையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நம்ம சரக்கு ஊரேறிவிட்டது என்று ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். முறுக்கின பிறகுதான் உறைத்தது, இந்த ஊரில் ஒரு சீடியும் விற்கவில்லையே.

அந்த நேரம் பார்த்து ஆத்தாள் பேர் வருகிற இடம் வந்தது. டொய்ங் வரவில்லை. ‘மேலப்பனங்குளத்து மாரி’ என்று கணீரென்று வந்தது.

மைக் செட்காரன் பால்சாமி கூத்தையாவின் பழைய வாடிக்கை. ஒரு காலத்தில் கேசட் என்றால் ரெண்டு ரெண்டாக வாங்கின ஆள்.

“பால்சாமி, எவன்டா குடுத்தான் இந்தப் பாட்ட?”

“செல்லுல வந்துச்சுண்ணே. ஒங்க ஊரு பஞ்சம்மா மக இங்கன தான வாக்கப்பட்டிருக்கு, அது குடுத்துச்சு. எல்லா ஊருக்கும் அந்தந்த ஆத்தா பேரு போட்டு வந்திருக்காம்ல. ஒரு நிமிஷம் இருங்க, ஆரம்பத்தக் கேளுங்க.”

ஆரம்பத்திலிருந்து போட்டான். ஊர் முழுக்கக் கேட்டது: “நான் கருவேலங்குளம் கூத்தையா சம்சாரம் பூமயில் பேசுறேன். மேலப்பனங்குளத்து அக்கா தங்கச்சிகளுக்காக இந்தப் பாட்டு.”

ஊரே தன்னைத் திரும்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது கூத்தையாவுக்கு. உண்மையில் ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லாரும் கும்மி கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது பூமயில் விதைக் குதிரைவாலியைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

“என் தலையில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி. சீடியத் திருடி செல்லுல ஏத்தி ஊருக்கெல்லாம் குடுத்திருக்க.”

“ஒங்க சீடிய நான் தொடலை. பஞ்சம்மாக்கா செல்லுல பாடுனேன். ஒவ்வொரு ஊருக்கும் புதுசாப் பாடுனேன். பதினோரு ஊருக்காரவுக கேட்டாக, பாடுனேன். அவுகளுக்குக் கேக்கத் தெரிஞ்சுச்சு.”

“பாட்டு என்னோடது!”

“பாட்டு ஆத்தாளோடது. ஒங்களுது அந்த டொய்ங் மட்டுந்தான்.” முறத்தைக் கீழே வைத்தாள். “எம் பாட்டு பிடிக்கலையாக்கும்னு இருபது வருசமா வாயப் பொத்திக்கிட்டுக் கெடந்தேன். பிடிச்சிருந்திருக்கு. விக்கிற அளவுக்குப் பிடிச்சிருந்திருக்கு. அதைத்தான் என்னால பொறுக்க முடியல.”

கூத்தையா வாயைத் திறந்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பஞ்சம்மாள் செருமினாள். வாயை மூடிக்கொண்டார்.

ஆவணி கடைசி நாள் சாவி கைமாறியது. புரட்டாசியில் கூத்தையா ஏர் பின்னாடி விதைத்துக்கொண்டு போனார். ஐப்பசியில் களை பிடுங்கினார். உள்ளங்கை தோலுரிந்தது. சுற்றுப்பட்டி ஊர்க்காரர்கள் காட்டைக் கடக்கும்போது “பூமயிலு வீட்டுக்காரரா?” என்று விசாரித்துக்கொண்டு போனார்கள். அவரைக் கூத்தையா என்று கூப்பிடுவதையே எல்லாரும் மறந்துபோனார்கள்.

மார்கழியில் குதிரைவாலி பால் பிடித்தது. குருவி கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியது. பூமயில் அட்டைப்பெட்டியை இழுத்து வந்து, கயிறு கட்டி, சீடிகளை வரிசையாகத் தொங்கவிட்டாள். வெயில் பட்டு அவை மின்னின மின்னலில் ஒரு குருவி அண்டவில்லை. ரேகாஸ்ரீ அட்டைகள் அடுப்புக்குப் போயின. மறுநாளே பக்கத்துக் காட்டுக்காரர் வந்து கேட்டார். அடுத்த நாள் பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். “பாட்டு பதியாததா இருந்தாக்கூடப் பரவாயில்லக்கா” என்றான் ஒருத்தன். அதைக் கேட்டுக்கொண்டு கூத்தையா உயிரோடுதான் நின்றார்.

தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது பெட்டி காலியாகிவிட்டது. கூத்தையா குனிந்து உள்ளே பார்த்தார். பல நாளைக்குப் பிறகு முகத்தில் ஒரு களை.

“ஏ புள்ள, ஐந்நூறும் போயிருச்சு பாத்தியா. அப்பச் சபதத்துல செயிச்சது யாரு? சாவியக் குடு.”

“ஆவணிக்குள்ளன்னு சொன்னீக. பஞ்சம்மாக்காவக் கூப்புடவா?”

“வேணாம், வேணாம்.” நிமிர்ந்தவர் அப்போதுதான் காட்டைப் பார்த்தார். கயிறு மட்டும் காற்றில் ஆடியது. “நம்ம காட்டுல தொங்குனதெல்லாம் எங்க?”

“கடைசியா வந்தவுகளுக்குப் பத்தலை. அவுத்துக் குடுத்துட்டேன்.”

“அறுப்புக்கு இன்னும் பத்து நாளு கெடக்கு. குருவிய யாரு வெரட்டுறது?”

பூமயில் ஒரு தகர டப்பாவையும் கம்பையும் எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“நீங்க இருக்கீகள்ல. வாயத் தொறந்து நல்லாச் சத்தம் போடுங்க. இங்கன ரெக்கார்டிங் எதுவும் ஓடலை.”